ஹீட்டர் விசிறி மறுபடியும் பழுதா? முதலில் தண்ணீர் வந்த வழியைத் தேடுங்கள்

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் வசிக்கிறேன். என்னிடம் ஏழு ஆண்டுப் பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. மழைக்காலத்தில் முன் இடது இருக்கையின் காலடிக் கம்பளம் நனைந்திருந்தது. பிறகு விசிறி கிறீச்சிட்டு நின்றுபோனதால், செப்டம்பரில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் ரூ.4,200 கொடுத்துப் புதிய மோட்டார் போட்டேன். இப்போது டிசம்பரில் ஹீட்டரைப் போட்டால் விசிறி 4-ஆம் எண்ணில் மட்டுமே ஓடுகிறது; பழைய சத்தமும் திரும்பிவிட்டது. ஹீட்டர் பெட்டி முழுவதையும் மாற்ற ரூ.18,000 ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதைக் கண்டுபிடிக்காமல் எதை மாற்றினாலும் அடுத்த மழைக்குள் அதுவும் துருப்பிடிக்கும்.

விசிறி 4-இல் ஓடி, 1, 2, 3-இல் ஓடவில்லை என்றால், மோட்டாருக்கு முன்பாக, விசிறியின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். குறைந்த வேகங்களில் மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகவும், அதிக வேகத்தில் அதைத் தவிர்த்து நேராகவும் மோட்டாருக்குப் போகிறது. தண்ணீர் பட்டு, மோட்டாரின் அச்சைத் தாங்கும் வளையமான புஷ் (bush) துருப்பிடித்தால் மோட்டார் இறுக்கமாகச் சுழன்று வழக்கத்தைவிட அதிக மின்சாரத்தை இழுக்கும். அந்தச் சூட்டில் ரெசிஸ்டர் எரிந்துவிடும், சில வண்டிகளில் கனெக்டரின் பிளாஸ்டிக்கும் உருகியிருக்கும். ஆகவே கிறீச் சத்தமும் வேகங்கள் போனதும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகளாகவே எனக்குத் தோன்றுகின்றன. ரெசிஸ்டர் தனியாகக் கிடைக்கும் சிறிய பாகம். அதற்காகப் பெட்டி முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. ஃபியூஸ் போனால் அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போட யாரையும் அனுமதிக்காதீர்கள். ஒயர் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

தண்ணீர் மூன்று வழிகளில் வரலாம். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் இருக்கும் பள்ளத்தில் வடிகால் துளைகள் உண்டு. வேப்பிலையும் அரசிலையும் அவற்றை அடைத்துக்கொண்டால், தேங்கும் மழைநீர் வெளிக்காற்று நுழையும் வாய் வழியாக, கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் விசிறியின் மேலேயே கொட்டும். மரத்தடியில் வண்டி நிறுத்துபவர்களுக்கு இது மிகச் சாதாரணமாக நேரும். இரண்டாவது, ஏ.சி.யின் வடிகுழாய் அடைபட்டு, வெளியே சொட்ட வேண்டிய நீர் உள்ளே தேங்குவது; ஏ.சி. ஓடியும் வண்டிக்கு அடியில் ஈரம் இல்லை என்றால் இதுதான். மூன்றாவது, என்ஜினின் சூடான கூலன்ட் ஓடி உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுவது. அப்போது வருவது தண்ணீர் அல்ல, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான, நிறமும் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் உள்ள கூலன்ட். கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம்போல் படியும், தொட்டியில் கூலன்ட் அளவும் குறையும். பெட்டியைப் பிரித்துச் செய்யும் பெரிய வேலைக்கு நியாயம் இருப்பது இந்த மூன்றாவது நிலையில்தான்.

உங்களுக்கு மழைக்காலத்தில் தொடங்கியதால் முதலிரண்டில் ஒன்றாகவே இருக்கும் என்று கருதுகிறேன். மழையும் ஏ.சி.யும் இல்லாத இந்த டிசம்பரில் கம்பளம் புதிதாக நனைகிறதா என்று பாருங்கள். நனைந்தால், காலையில் வண்டி துடைக்க வருபவர் கண்ணாடியில் வாளித் தண்ணீரை ஊற்றுகிறாரா என்று விசாரியுங்கள். அவர் ஊற்றவில்லை என்றால் கூலன்ட் அளவைச் சோதியுங்கள். பள்ளத்தில் ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றி, கிளவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து ஒருவர் உள்ளே பார்த்தால், கசியும் இடம் பெரும்பாலும் கண்ணிலேயே தெரியும். வடிகாலைச் சுத்தம் செய்த பிறகு ரெசிஸ்டரையும், புஷ் போயிருந்தால் மோட்டாரையும் மாற்றுங்கள். பழைய பாகத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் விலை கேட்டுப் பார்த்துவிட்டுப் போனால், ஒர்க்‌ஷாப் சொல்லும் விலையை நீங்களே எடைபோட முடியும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் மாயாபுரியில் கிடைக்கும் பழைய மோட்டாரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதுவும் எந்த வெள்ளத்தில் நனைந்த வண்டியிலிருந்து வந்ததோ தெரியாது.

மூன்றே மாதத்தில் மோட்டார் மறுபடி சத்தமிடுவதால், செப்டம்பர் பில்லுடன் சென்று, காரணத்தைப் பார்க்காமல் பாகத்தை மட்டும் மாற்றியதற்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லையென்றால் கேளுங்கள்; பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதுவும் பயனளிக்காவிட்டால் நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். வெள்ளத்தில் மூழ்கிய சேதத்தை முழுப் (comprehensive) பாலிசி ஏற்கும். தேய்மானத்தையும் சாதாரண மின்கோளாறையும் ஏற்காது.

வேலை முடிந்ததும் கம்பளத்தின் அடியிலுள்ள பஞ்சை வெளியே எடுத்து வெயிலில் முழுவதும் காயவிடச் சொல்லுங்கள். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் அடியில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். தரைத்தகடும் அதன்மேல் ஓடும் ஒயர்களும் அதில்தான் அரிக்கின்றன.