ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றுதான் அர்த்தமா?

இல்லை. உங்கள் டீசல் மினி லோடு வண்டி ஏற்றத்தில் சூடாகிறது, ரேடியேட்டரில் குமிழி தெரிகிறது, எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டை இறக்கச் சொல்கிறார் மெக்கானிக் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெட்டுக்கும் கீழே உள்ள எஞ்சினுக்கும் நடுவே வாயுவும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். இறக்குவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

நான் பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிப் போகிறவன். திரும்பும்போது நாமக்கல் பக்கம் கோழித் தீவன மூட்டை கிடைக்கும். அந்தச் சுமையோடு தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான் என் வண்டியிலும் இது ஆரம்பித்தது. ரிசர்வ் டப்பா நிரம்பி வழியும், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும், மூடியைத் திறந்து ஓடவிட்டால் குமிழி. ஹெட்டை இறக்கி, அதன் அடிப்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கி, புது கேஸ்கெட் போட்டார்கள். பன்னிரண்டு நாள் வண்டி நின்றது, அதுவும் தக்காளிக்கு விலை இருந்த நேரத்தில். மூன்றே வாரத்தில் அதே கணவாயில் மறுபடியும் சூடு காட்டும் முள் மேலே போனது.

கடைசியில் ஊரில் டிராக்டர் பார்க்கும் ஒரு பெரியவர் கண்டுபிடித்தார். ரேடியேட்டர் மூடியின் அடி ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. ரேடியேட்டர் கழுத்திலிருந்து டப்பாவுக்குப் போகும் சின்ன டியூப், மாட்டுகிற இடத்திலேயே கீறியிருந்தது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கம் போனால்தான் கொதிக்கும். பிடிக்காவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து டப்பாவுக்குத் தள்ளும். இரவில் எஞ்சின் ஆறும்போது அதே தண்ணீரைத் திரும்ப இழுக்க வேண்டும். டியூப் கீறியிருந்ததால் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்தது. அந்தக் காற்றுதான் மறுநாள் குமிழி. ஹெட் கேஸ்கெட் போனாலும் டப்பா இப்படித்தான் வழியும் என்பதால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் தொடவே தொடாதீர்கள், முகமே வெந்துவிடும். முதலில் தண்ணீரை நிரப்பி, மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே, ஒன்றிரண்டு நிமிடத்தில் ஹோஸ் விறைத்தால் சிலிண்டரிலிருந்து வாயு வருகிறது என்று சந்தேகப்படலாம். டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப் போல முப்பது மடங்குக்கும் மேல் போகும், ரேடியேட்டர் மூடி தாங்குவது ஏறத்தாழ ஒரு மடங்குதான். கேஸ்கெட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலே போதும், வாயு தண்ணீருக்குள் புகுந்துவிடும்.

அப்புறம் எஞ்சினை நிறுத்தி, வாட்டர் பம்பைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றுங்கள். (சில எஞ்சின்களில் பம்பு டைமிங் பெல்ட்டில் ஓடும். அதில் கை வைக்காதீர்கள்.) மூடியைத் திறந்து வைத்து, அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டு ஆக்சிலேட்டர் கொடுங்கள். பம்பு சுற்றாதபோதும் குமிழி தொடர்ந்து வந்தால், ஆக்சிலேட்டருக்கு ஏற்பக் கூடினால், மெக்கானிக் சொன்னது சரிதான், ஹெட்டை இறக்குங்கள். பெல்ட் இருக்கும்போது மட்டும் குமிழி வந்தால் பம்பு எங்கிருந்தோ காற்றை இழுக்கிறது. கீழ் ஹோஸின் கிளிப்பையும் பம்பு சீலையும் பாருங்கள். ஓடும்போது அங்கே உறிஞ்சுவதால் வெளியே சொட்டாமலும் இருக்கலாம், ஆனால் காய்ந்த கறை இருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் மூடியையும் டியூபையும் மாற்றிவிட்டு ஏர்லாக், அதாவது உள்ளே அடைபட்ட காற்றை, எடுங்கள். வண்டியின் முகம் மேடு பார்த்து நிற்கட்டும், ரேடியேட்டர் வாய்தான் உயரத்தில் இருக்க வேண்டும். மூடியில்லாமல் ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். 80 டிகிரியைத் தாண்டி, சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும்போது தண்ணீர் மட்டம் திடீரென்று இறங்கும், அதுவரை உள்ளே அடைபட்ட காற்று வெளியே வராது. பலர் அதற்கு முன்பே மூடியைப் போட்டுவிடுகிறார்கள். இறங்கியதும் நிரப்பி, குமிழி அடங்கிய பிறகு மூடுங்கள்.

நிரப்புவது கூலன்ட்டாக இருக்கட்டும், போர் தண்ணீர் வேண்டாம். என் பழைய மூடியின் வால்வைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்புதான்.

பெல்ட்டைக் கழற்றிய பிறகும் குமிழி வந்ததா என்று பார்த்து எழுதுங்கள், அடுத்து எதைத் திறப்பது என்று சொல்கிறேன்.