ஏ0 தாளில் எவ்வளவு எழுதலாம்?

கேள்வி: வைகை நீரின் தரம் பற்றி ஆய்வு செய்கிறேன். மாநாட்டுச் சுவரொட்டிக்காகக் கட்டுரை முழுவதையும் ஏ0 தாளில் (ஏ4 தாளைப் போல் பதினாறு மடங்கு பெரியது) அடக்கிவிட்டேன். சரிதானா?
– ஆய்வு மாணவி, திருமங்கலம்

பதில்: அடக்கியதுதான் தவறு, அம்மா! மதுரைக்காரர்களுக்குச் சுவரொட்டி புதிதா? ஓடும் பஸ்ஸிலிருந்தே யார் வீட்டுக் காதுகுத்து, எந்த மண்டபம் என்று படித்துவிடுகிறோமே. ‘வைகை நீர்த் தர ஆய்வு’ என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை. ‘நகரைக் கடந்ததும் வைகையில் ஆக்சிஜன் குறைகிறது’ என்பது உங்கள் முடிவானால், அதையே தலைப்பாக்குங்கள், 85 புள்ளிக்குக் (பாயின்ட்) குறையாத எழுத்தளவில். உள்ளெழுத்து 24க்குக் கீழே இறங்கக் கூடாது. அட்டவணைகளை எடுத்துவிட்டு, ஆற்றின் போக்கில் மாதிரி எடுத்த இடங்களைக் காட்டும் ஒரே வரைபடத்தைப் பெரிதாகப் போடுங்கள். நெறியாளரின் படம் வேண்டாம். அந்த மரியாதையை நம் ஊர் ஃபிளெக்ஸ் பலகைகள் போதுமான அளவு செய்கின்றன.

முதலில் ஏ4 தாளில் அச்சிட்டுப் பாருங்கள். கண்ணைச் சுருக்க நேர்ந்தால் இன்னும் வெட்டுங்கள். அச்சகத்துக்கு எழுத்துருவையும் (ஃபான்ட்) உள்ளேயே சேர்த்துச் சேமித்த பிடிஎஃப் கோப்பையே கொடுங்கள். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். பளபளப்புத் தாளும் வேண்டாம். அரங்க விளக்கு பட்டால் பாதி எழுத்து தெரியாது.