அனுமதிக் கடிதம் கையில் வைத்திருக்கும் தங்கச்சிக்கு

தங்கச்சி, இரவு வேலை முடித்து வந்துதான் உங்கள் கேள்வியை வாசித்தேன். வவுனியாவில் உயிரியல் பிரிவில் உயர்தரம் படித்தீர்கள். கனடாவுக்கு வந்து எட்டு மாதம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு தனியார் பள்ளி பதினான்கு மாதத்தில் அல்ட்ராசவுண்ட் படிப்பித்துத் தருவதாக அனுமதிக் கடிதம் தந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முற்பணம் கட்டச் சொல்கிறார்கள். சேரலாமா, எக்ஸ்ரே நல்லதா அல்ட்ராசவுண்ட் நல்லதா, சம்பளம் எவ்வளவு, வாடகைக்கு எங்கே இருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்தையும் வாடகையையும் பிறகு பேசலாம். வெள்ளிக்கிழமை பணம் கட்டாதீர்கள்.

நான் கட்டினேன். 1996 நவம்பரில் வந்து, பகலில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் நின்று, மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போய், சீட்டுக் கட்டிச் சேர்த்த ஆறாயிரம் டொலரை அடுத்த வருடமே ஒரு பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை, ஒரு பழைய ஸ்கான் இயந்திரம், இருபத்திரண்டு மாணவர்கள். ஒருவர் கழுத்தை ஒருவரும் ஒருவர் சிறுநீரகத்தை ஒருவரும் பார்த்துப் பழகினோம். நோயாளி என்று ஒருவரைக்கூட அந்தப் பள்ளி எனக்குக் காட்டவில்லை. கடைசியில் பொன்னிறக் கரை போட்ட சான்றிதழ் தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு தொழில் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, நான் படித்த கற்கைநெறிக்கு அங்கீகாரம் இல்லை, தேர்வுக்கு உட்கார முடியாது என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. மருத்துவமனைகளோ அந்தத் தேர்வில் தேறியவர்களைத்தான் கேட்டன. அன்று இரவும் மூடித் தொழிற்சாலைக்குத்தான் போனேன்.

அப்போது ஒன்ராறியோ மாகாணத்தில் அல்ட்ராசவுண்ட் தொழிலுக்குச் சட்டக் கட்டுப்பாடு இல்லை. 2019 ஜனவரி 1 முதல் நிலைமை வேறு. எக்ஸ்ரே, கதிர் சிகிச்சை, அணு மருத்துவம், எம்ஆர்ஐ செய்பவர்களைப் போலவே அல்ட்ராசவுண்ட் செய்பவரும் மாகாணத்தின் ஒழுங்குபடுத்தும் அமைப்பில் பதிவு பெற்றாக வேண்டும். அந்த அமைப்பின் பெயரில் ‘கொலிஜ்’ என்ற சொல் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இந்தச் சொல்லில்தான். அது படிக்கும் கல்லூரி அன்று, தொழில் செய்ய அனுமதி கொடுக்கும் இடம். நீங்கள் பணம் கட்டப் போகும் கொலிஜ் வேறு, உங்களைப் பதிவு செய்ய வேண்டிய கொலிஜ் வேறு.

‘அரசாங்கத்தில் பதிவு பெற்ற பள்ளி’ என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். தனியார் தொழிற்பள்ளி நடத்த மாகாண அரசிடம் பதிவு வேண்டும், அவ்வளவுதான் அதன் பொருள். மாகாண அரசின் மாணவர் உதவித் திட்டமான ஒசாப் கடன் கிடைக்கும் என்பதும் அப்படித்தான். கடன் கிடைப்பதால் தேர்வு எழுதலாம் என்று ஆகிவிடாது. நீங்கள் தேட வேண்டியது, நெறிகளைச் சோதித்து அங்கீகரிக்கும் அக்ரெடிடேஷன் கனடா என்ற அமைப்பின் அங்கீகாரம். அதுவும் பள்ளிக்கு அன்று, நீங்கள் சேரும் அந்த ஒரு நெறிக்கு இருக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் ஒரு நெறிக்கு அங்கீகாரம் இருக்கும், பக்கத்து அறை நெறிக்கு இருக்காது. தனியார் பள்ளி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை, அங்கீகாரம் பெற்றவையும் உண்டு. ஆனால் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். அல்ட்ராசவுண்டுக்கான தகுதித் தேர்வை நடத்துவது சோனோகிராஃபி கனடா என்ற அமைப்பு. ‘இந்த நெறியை முடித்தால் சோனோகிராஃபி கனடாவின் தேர்வுக்கு உட்காரலாமா? ஒன்ராறியோவில் பதிவு பெறலாமா?’ என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். எக்ஸ்ரே நெறி என்றால் தேர்வை நடத்துவது கனடிய மருத்துவக் கதிரியக்கத் தொழில்நுட்பவியலாளர் சங்கம். ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறிகளின் பட்டியல் ஒழுங்குபடுத்தும் அமைப்பிடம் இருக்கிறது. அதில் உங்கள் நெறியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், பள்ளிக்காரர் காட்டும் பிரதியைப் பார்க்காதீர்கள்.

அதே மின்னஞ்சலில் இன்னொன்றையும் கேளுங்கள். மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மாதம், எந்த மருத்துவமனையில், அந்த இடத்தைத் தேடித் தருவது யார்? ‘மாணவர் தாமே ஒழுங்கு செய்ய வேண்டும்’ என்று பதில் வந்தால் அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள். நேற்று வந்த பெண்ணுக்கு எந்த மருத்துவமனை கதவு திறக்கும்?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலை நான் கற்றது பயிற்சியில்தான். முதல் பள்ளியில் பணத்தை இழந்த பிறகு இரவுப் பள்ளியில் பௌதிகமும் இரசாயனமும் ஆங்கிலமும் திரும்பப் படித்து, 1999இல் அங்கீகாரம் உள்ள எக்ஸ்ரே நெறி ஒன்றில் சேர்ந்தேன். பயிற்சிக்கு எனக்கு விழுந்த இடம் சட்பரி, ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். என்னோடு படித்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வடக்கில்தான் இடம் கிடைத்தது. ஒருத்தியை வீட்டார் அனுப்பவில்லை. அவள் படிப்பு அத்தோடு நின்றது. இன்றுவரை எனக்கு அது ஆறாத கோபம். கடல் தாண்டிப் பிள்ளையை அனுப்பத் துணிந்தவர்களுக்கு ஐந்தாறு மணி நேர பஸ் பயணம் பயமாகிவிட்டது.

நான் போனேன். 2001 ஜனவரி, மைனஸ் முப்பது. அன்று நகரத்தின் எந்தப் பக்கம் நின்றாலும் நிக்கல் ஆலையின் 381 மீற்றர் உயரப் புகைபோக்கி தெரியும், வழி தவறினால் அதைப் பார்த்துத்தான் திசை பிடிப்பேன். நான் அறை எடுத்தது பின்லாந்திலிருந்து வந்த ஒரு மூதாட்டியின் வீட்டில். கணவர் சுரங்கத்தில் வேலை செய்து இறந்தவர். பனிக்கட்டியில் பாதத்தை முழுதாகப் பதித்துச் சிறு அடி வைத்து நடக்க அவர்தான் பழக்கினார். சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் இருந்த சவுனா என்ற நீராவிக் குளியல் அறையைச் சூடாக்கி என்னையும் உட்கார வைப்பார். நான் புட்டு அவித்துக் கொடுத்தால் சீனி போட்டுச் சாப்பிடுவார். ஒருவர் பேசும் ஆங்கிலம் மற்றவருக்குப் பாதிதான் விளங்கும்.

அப்போது பிலிம் காலம். பிலிம் வைக்கும் தட்டையான பெட்டியான கசெற்றைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், உடுப்பில் இரசாயன மணம் ஏறிவிடும். நான் எடுத்த முதல் நெஞ்சுப் படத்தை மேற்பார்வையாளர் ஒளிப்பெட்டியில் மாட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். நோயாளியின் தோள்களை முன்னால் உருட்டி வைக்க மறந்திருந்தேன். தோள்பட்டை எலும்பு இரண்டும் நுரையீரல் மேல் விழுந்து மறைத்திருந்தன. அந்த நோயாளி வயதான சுரங்கத் தொழிலாளி. திரும்ப எடுத்தால் அவர் உடம்பில் இரண்டாம் முறை கதிர் பாயும். என் பிழைக்கு அவர் கதிர் வாங்கினார். ‘பரவாயில்லை பிள்ளை’ என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் தட்டில் நெஞ்சை வைத்து நின்றார். அதன் பிறகு ஒரு நெஞ்சுப் படத்துக்கும் தோளைத் தொட்டுப் பார்க்காமல் நான் பொத்தானை அழுத்தியதில்லை. சக மாணவியின் கழுத்தைப் பார்த்துப் பழகுவதில் இந்தப் பயம் வராது தங்கச்சி.

எக்ஸ்ரேயா அல்ட்ராசவுண்டா என்று கேட்டீர்கள். எக்ஸ்ரே படித்தால் சி.ரி. ஸ்கானும் அதற்குள் வரும், பிறகு எம்ஆர்ஐ தனியாகப் படித்துச் சேர்க்கலாம். இரவு வேலையும் அவசரப் பிரிவும் உங்கள் பங்குக்கு வரும். அல்ட்ராசவுண்டில் நோயைத் தேடிக் கண்டு படமாக்குவதே உங்கள் கைதான், கை தவறவிட்டதை மருத்துவர் படத்தில் பார்க்க முடியாது. பொறுமை உள்ளவருக்கு நல்ல தொழில், ஆனால் தோளும் மணிக்கட்டும் தேயும். இரண்டில் எது என்றாலும் முறையாகப் படியுங்கள். ரொறன்ரோவில் மிச்சனர் நிறுவனம் இருக்கிறது. ஹமில்ற்றனில் மோஹோக் கல்லூரியும் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் நான்கு வருடப் பட்டம் இருக்கிறது. ஒன்ராறியோவில் உள்ள லண்டன் நகரில் பான்ஷோ கல்லூரி, சட்பரியில் கேம்பிரியன் கல்லூரி. இடம் கிடைப்பது கடினம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களில் சிலவற்றைத் திரும்பப் படிக்க வேண்டியும் வரலாம். படியுங்கள்.

‘நாலு வருடம் படிக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு முற்பணம் சேர்த்துவிடலாம்’ என்று சொல்லும் ஆட்கள் உங்களைச் சுற்றி இருப்பார்கள். என்னைச் சுற்றியும் இருந்தார்கள். இன்னொரு வகையினர், தாம் ஏமாந்ததை வெட்கப்பட்டு மறைத்து, அடுத்தவரையும் அதே பள்ளிக்கு அனுப்புகிறவர்கள். எனக்கு அந்தப் பள்ளியைக் காட்டியவரும் அங்கே படித்து வேலை கிடைக்காமல் இருந்தவர்தான். ஆள் சேர்த்துவிட்டதற்கு அவருக்குப் பணம் கிடைத்தது என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு இந்தப் பள்ளியைச் சொன்னவர் யார் என்று எழுதவில்லை. அவரிடம் ‘நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள்?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்றைக்கே அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள். வியாழன் இரவு எனக்கு வேலை இல்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் என்னைக் கூப்பிடுங்கள், வந்த பதிலை வரி வரியாகச் சேர்ந்து வாசிப்போம்.