ஜெர்மனியில் ஓவியம் படிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஜெர்மன் கலை அகாடமி ஒன்றில் ஓவியம் படித்தவன் என்பதால் பலர் எனக்குக் கேள்விகளை அனுப்பியிருந்தார்கள். என் அனுபவத்தில் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

தரவரிசையில் முதலிடத்தில் இருக்கும் அகாடமி எது? (மதுரை மாணவி)

தரவரிசையை விட்டுவிடுங்கள், தங்கையே. டுசல்டார்ஃப், மியூனிக் போன்ற அகாடமிகளில் படிப்பு முழுவதும் ஒரு பேராசிரியரின் வகுப்பைச் சுற்றியே நடக்கிறது. டுசல்டார்ஃபில் முதலில் அறிமுகக் காலம்; அது முடிந்ததும் ஒரு பேராசிரியர் உங்களைத் தம் வகுப்பில் ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு பல ஆண்டுகள் அவரோடுதான். அங்கே 1976 முதல் பெர்ன்ட் பெஷர் நடத்திய புகைப்பட வகுப்பிலிருந்துதான் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி, கண்டிடா ஹோஃபர் போன்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர்கள் வந்தார்கள். எனவே, ஒவ்வொரு அகாடமியிலும் இப்போது யார் கற்பிக்கிறார்கள், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் படைப்புகள் உங்களை உறங்கவிடாமல் செய்தால் அங்கே விண்ணப்பியுங்கள்.

என்னிடம் நூறு பென்சில் உருவப்படங்கள் இருக்கின்றன. போதுமா? (கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி மாணவர்)

புகைப்படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைந்தவை என்றால், இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது; அவற்றுக்குப் பின்னால் எத்தனை இரவுகள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் முதல் விண்ணப்பத்தில் பளபளப்பான எண்ணெய் வண்ண உருவங்களும் கோபுரங்களும்தான் இருந்தன. இடம் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு, விண்ணப்பிப்பதற்கு முன் படைப்புத் தொகுப்பைக் காட்டி ஆலோசனை கேட்கும் நாளுக்குச் சென்றேன். ஜெர்மானியர்கள் அந்தத் தொகுப்பை 'மாப்பே' என்பார்கள். அங்கிருந்த ஆசிரியர் முடித்த ஓவியங்களை வேகமாகப் புரட்டிவிட்டு, பையில் கிடந்த என் கிறுக்கல் நோட்டை எடுத்தார். பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் பெண்களின் கைகளை மட்டும் மூன்று மாதம் வரைந்திருந்தேன். விரல்கள், நார், முடிச்சு. பல பக்கங்கள் பாதியில் நின்றவை. ஒவ்வொரு பக்கமாக நின்று பார்த்தவர், "இதை ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கைகளையே மையமாக வைத்துத் தொகுப்பை மாற்றினேன். இடம் கிடைத்தது.

கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைவிட, ஒரு விஷயத்தை விடாமல் துரத்துகிறீர்களா என்பதையே தேடுகிறார்கள். தவறிப்போன முயற்சிகளையும் சேருங்கள். எத்தனை படைப்புகள், மூலப்படைப்பா புகைப்படமா என்பது அகாடமிக்கு அகாடமி மாறும். அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள்.

மகளை அனுப்ப எவ்வளவு செலவாகும்? (கோவையிலிருந்து ஒரு தந்தை)

ஐயா, பெரும்பாலான அரசு அகாடமிகளில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ வரை பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ நகரங்கள் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் விதிவிலக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். உங்களுக்குப் பெரிய சுமை விசாவுக்கான பணம்தான். முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்காக, மாதம் 992 யூரோ வீதம் 11,904 யூரோவை 'பிளாக்டு அக்கவுண்ட்' என்னும் கணக்கில் போட வேண்டும். அது கட்டணமன்று, மகளுக்கே மாதாமாதம் திரும்பி வரும். தொகை அவ்வப்போது உயர்கிறது, விண்ணப்பிக்கும்போது சரிபாருங்கள். வண்ணம், கேன்வாஸ் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். அதைக் கணக்கில் சேர்க்காமல் திண்டாடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஏபிஎஸ் சான்றிதழ் எனக்கும் வேண்டுமா? (யாழ்ப்பாணம்)

ஏபிஎஸ் என்பது உங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவையா என்று சரிபார்த்துத் தரும் சான்றிதழ். இலங்கையில் படித்தவர்களுக்கு வேண்டாம். இந்தியாவில் படித்தவர்களுக்கு மாணவர் விசாவுக்காக 2022 நவம்பர் முதல் அது கட்டாயம்.

ஜெர்மன் மொழி அவசியமா? (சேலம்)

ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டேடல்ஷூலே போன்ற சில இடங்களில் ஆங்கிலமே போதும். மற்ற பெரும்பாலான அகாடமிகளில் ஜெர்மன் சான்றிதழ் கேட்பார்கள். கேட்காத இடத்துக்குப் போனாலும் கற்றுக்கொள்ளுங்கள். வகுப்பு கூடி ஒருவர் படைப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் விவாதிக்கும். முதல் செமஸ்டரில் என் ஓவியத்தைப் பற்றி அவர்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தை நான் இன்றும் இழப்பாகவே நினைக்கிறேன்.