விமானத்தில் கையோடு கொண்டுபோக, பொருள்கள் கலையாத முதுகுப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நான்கைந்து நாள் பயணம், செக்-இன் பெட்டி கிடையாது. லேப்டாப், துணிமணி, சார்ஜர், மருந்து எல்லாம் ஒரே முதுகுப்பையில் போக வேண்டும். ஒன்றைத் தேடப் போய் எல்லாவற்றையும் கொட்டும்படி இருக்கக் கூடாது. நிறைய பாக்கெட் வைத்த பை வாங்கினால் சரியாகுமா?

பாக்கெட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் வெறும் பையைத் தராசில் வையுங்கள்.

இந்தியாவிலிருந்து கிளம்பும் பெரும்பாலான விமானங்களில் எகானமி டிக்கெட்டுக்குக் கைப்பை 7 கிலோ வரைதான். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ.க்குள் வரவேண்டும், வழக்கமான கணக்கு 55 × 35 × 25. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு நாள் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் ஒன்றரை கிலோ, அதன் சார்ஜர் 300 கிராம், 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று 400 கிராம். மின்சாமான் மட்டுமே 2.2 கிலோ ஆகிவிட்டது. வெறும் பை 2 கிலோ இருந்தால், துணிக்கும் மற்றதற்கும் மிஞ்சுவது 2.8 கிலோ. ஒரு ஜீன்ஸ் 700 கிராம், முழுக்கைச் சட்டை 250, டி-ஷர்ட் 170, குளியல் சாமான் 400 என்று போட்டுப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று தெரியும். அதே பை 1.2 கிலோ என்றால் 800 கிராம் கூடுதலாகக் கிடைக்கும். மூன்று சட்டை! (டர்க்கி டவலை வீட்டில் வைத்துவிட்டு ஈரிழைத் துண்டு ஒன்றை மடித்து வைத்தால் இன்னும் கால் கிலோவுக்கு மேல் மிச்சம். ராத்திரி காயப்போட்டால் காலையில் உலர்ந்தும் விடும்.)

பயணப் பை என்று பேரெடுத்தவற்றிலும் இந்த வித்தியாசம் பெரியது. பீக் டிசைனின் 45 லிட்டர் பை வெறுமையாகவே சுமார் 2 கிலோ. ஆஸ்ப்ரே ஃபார்பாயின்ட் 40 ஒன்றரை கிலோவை ஒட்டி வரும். இரண்டும் நல்ல தயாரிப்புகள்தான். ஆனால் முதலாவது, பையை நிறுத்துப் பார்க்காத ஊர்களுக்காகச் செய்தது. அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 22 × 14 × 9 அங்குல அளவைத்தான் பார்ப்பார்கள், தராசு கிடையாது. நம் ஊர் கவுன்டரில் தராசு உண்டு. என் கணக்கில் 7 கிலோ வரம்புக்கு 1.3 கிலோவைத் தாண்டாத பை வேண்டும். அதற்கு மேல் போனால் அந்தக் கூடுதல் எடை எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் ஆசைப்படும் அந்தப் பாக்கெட்டுகளுக்கும் அவற்றின் ஜிப்புகளுக்கும் உள்துணிக்கும்தான்.

லிட்டர் கணக்கிலும் இதே ஏமாற்றம் இருக்கிறது. 55 × 35 × 25 செ.மீ. பெட்டியின் கொள்ளளவு 48 லிட்டர். பைக்கு மூலைகள் வளைவு, முதுகுப் பக்கம் பஞ்சு, லேப்டாப் அறைக்குத் தடித்த சுவர். எல்லாம் போக 38, 40 லிட்டர் தேறும். அந்த 40 லிட்டரை வழக்கமான சாமானால் நிரப்பினால் எடை சாதாரணமாக 9 கிலோவைத் தொடும். ஆகவே 7 கிலோவுக்கு 30 முதல் 35 லிட்டர் போதும். இன்னொன்று, அட்டையில் அச்சிட்ட அளவு காலிப் பையின் அளவு. முன்பக்கப் பாக்கெட்டில் ஒரு ஸ்வெட்டரைத் திணித்தால் 25 செ.மீ. ஆழம் 29 ஆகிவிடும். இருபக்கமும் இறுக்கும் நாடா இருந்தால் இந்த உப்பலை ஓரளவு அடக்கலாம். சேலம், தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்கு ஓடும் ஏடிஆர் எனப்படும் சிறிய விசிறி விமானங்களில் தலைக்குமேல் உள்ள பெட்டி சிறியது. அங்கே கெட்டியான டிராலியை விட, அமுக்கினால் அமுங்கும் முதுகுப்பை எளிதாக உள்ளே போகும்.

இனி பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்குச் சொந்தமாகப் பக்கச்சுவர் இல்லாவிட்டால் அது தனி இடமே இல்லை. பெரிய அறையின் இடத்தைத்தான் கடன் வாங்குகிறது. கடையில் காலிப் பையில் கை நுழைத்தால் தாராளமாக இருக்கும். வீட்டில் துணியை அடுக்கியபின் அதே பாக்கெட்டில் பாஸ்போர்ட்டைக்கூடச் செருக முடியாது. பக்கவாட்டுத் தண்ணீர்ப் பாட்டில் பையிலும் இதே கதை: உள்ளே நிரம்பியதும் ஒரு லிட்டர் பாட்டில் பிதுங்கிக் கீழே விழும். இது போதாதென்று, பதினான்கு பாக்கெட் இருந்தால் மூன்றாவது பயணத்திலும் மருந்து எதில் இருக்கிறது என்று நினைவிருக்காது.

ஒழுங்கு வேண்டுமென்றால் சாமானை வகைப்படி பிரிக்காமல், எங்கே வெளியே எடுப்போம் என்பதன்படி பிரிக்க வேண்டும். அறைக்குப் போய்தான் எடுப்பவை, இருக்கையில் உட்கார்ந்தபின் எடுப்பவை, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபடி எடுப்பவை. முதல் வகைக்கு ஒரே பெரிய அறை, குறுக்கே தடுப்பு இல்லாமல். மூன்றாவது வகைக்கு முதுகை ஒட்டி, தனி ஜிப்போடு லேப்டாப் அறை. இரண்டாவதற்கு மேல்பக்கம் ஒரு சின்னப் பாக்கெட். பை தரவேண்டியது இந்த மூன்றுதான். மற்றப் பிரிவினையைப் பவுச்சுகள் பார்த்துக்கொள்ளும். அடுத்த வருடம் பையை மாற்றினாலும் பவுச்சுகள் அப்படியே இடம்மாறும்.

சோதனை வரிசையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுக்கிய பை கலைவது அங்கேதான். நம் விமான நிலையங்களில் பொதுவாக லேப்டாப், டேப்லெட், பவர் பேங்க், சார்ஜர் எல்லாவற்றையும் டிரேயில் வெளியே வைக்கச் சொல்வார்கள். பெரிய அறையின் அடியில் சார்ஜர் கிடந்தால் துணியெல்லாம் டிரேக்கு வந்துவிடும். மின்சாமான் அனைத்தையும் சுமார் 22 × 15 செ.மீ. பவுச் ஒன்றில் போட்டு லேப்டாப் அறையின் வாயிலோ மேல்பாக்கெட்டிலோ வையுங்கள். இரண்டு கையசைவில் வேலை முடியும். வெளிநாட்டுப் பயணத்தில் திரவங்களுக்கு 100 மி.லி. வரம்பு, எல்லாப் புட்டிகளும் சேர்ந்து ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். கணக்கு புட்டியின் அளவுக்கு, உள்ளே இருப்பதற்கு இல்லை. 200 மி.லி. புட்டியில் கால்வாசி தேங்காய் எண்ணெய் இருந்தாலும் குப்பைத் தொட்டிதான். நெய், ஊறுகாய், பற்பசை எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, கேபினுக்குள் மட்டும். 100 வாட்-மணி (பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-மணி, 27,000 எம்ஏஎச் என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் நகரில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையில் நின்றபடியே எரிந்தபின் விதிகள் இறுகின. கொரிய விமானங்களில் பவர் பேங்கைத் தலைக்குமேல் பெட்டியில் வைக்கக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரலிலிருந்து பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் அனுமதியில்லை. ஆக, பையை மேலே ஏற்றும் முன் பவர் பேங்கை வெளியே எடுக்க வேண்டிவரும். மேலே இடமில்லை என்று விமான வாசலில் பையையே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பினாலும் அதே நிலைதான். அதனால் பாஸ்போர்ட், மருந்து, பவர் பேங்க் மூன்றும் ஒரே பிடியில் வரும்படி இருக்க வேண்டும். மேல்பாக்கெட்டின் அகலம் இதற்குப் போதுமா என்று உங்கள் சொந்தப் பொருளை வைத்தே பாருங்கள்.

லேப்டாப் அறையில் ஒரு சோதனை தவறவிடக் கூடாது. லேப்டாப்பை உள்ளே வைத்து, பையை அரை அடி உயரத்திலிருந்து மெத்தைமேல் விட்டு, அறையின் அடியைக் கையால் தடவுங்கள். லேப்டாப்பின் விளிம்பு பையின் அடித்துணியைத் தொடக் கூடாது. நல்ல பையில் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விட்டுத் தொங்கும்படி தைத்திருப்பார்கள். மலிவான பையில் பக்கமெல்லாம் பஞ்சு இருக்கும், அடியில் வெறும் துணி. ரயில் நடைமேடையில் பையை டக்கென்று இறக்கும்போது அடிபடுவது அந்த மூலைதான்.

திறக்கும் விதம்: மேலிருந்து மட்டும் திறக்கும் மலையேற்றப் பை இந்த வேலைக்கு வேண்டாம். மூன்று பக்கம் ஜிப் ஓடி, பெட்டி போல விரியும் பை நல்லது. அதிலும் இரண்டு பாதியும் சமமாக விரிவதை விட, ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் வெறும் மூடியாகவும் இருப்பதே மேல். சமமாக விரிவதற்கு இரண்டு மடங்கு இடம் வேண்டும். விடுதிக் கட்டிலில் சரி, ரயில் பெர்த்தில் முடியாது.

இந்த அறைக்குள் பேக்கிங் க்யூப் எனப்படும் துணிப் பெட்டிகள். வாங்கும் முன் அறையின் உள்ளளவை டேப் வைத்து அளங்கள். உள்ளே 48 × 30 இருந்தால் 30 × 24 அளவில் இரண்டு க்யூப் பக்கத்தில் பக்கமாக அச்சாக உட்காரும். 35 × 25 க்யூப் வாங்கினால் ஓரமாகப் பயன்படாத சந்து விழும், சாமான் அதில் நழுவி அடியில் ஒளியும். காற்றை அமுக்கி வெளியேற்றும் இரட்டை ஜிப் க்யூப் இடத்தைத்தான் குறைக்கும், எடையைக் குறைக்காது. 7 கிலோக்காரருக்கு அது பெரும்பாலும் வீண் செலவு, பருத்திச் சட்டை கசங்குவதுதான் மிச்சம். அழுக்குத் துணிக்கு பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வியர்வை நாற்றம் பிடிக்கும். வீட்டில் கிடக்கும் மஞ்சப்பை போதும்.

எங்கே முதலில் கெடும்? பெரும்பாலும் ஜிப்பில்தான், துணி அப்புறம். ஜிப்பை இழுத்து மூடும் ரன்னருக்குப் பின்னால் எண் போட்டிருக்கும். மூடிய பல்லின் அகலத்தை ஏறக்குறைய மில்லிமீட்டரில் சொல்வது அது. பெரிய அறைக்கு 8 அல்லது 10, சின்னப் பாக்கெட்டுக்கு 5 சரி. பெரிய அறைக்கே 5 போட்டிருந்தால் திணித்து மூடும்போது பல் விலகும். ஒய்கேகே (YKK) என்ற ஜப்பானிய ஜிப் நிறுவனத்தின் தயாரிப்பு என்றால் நிம்மதி. மூலையில் ஜிப் செங்கோணமாகத் திரும்பினால் ரன்னர் அங்கே சிக்கும். அகன்ற வளைவாக இருக்க வேண்டும், பை நிரம்பியிருக்கும்போதே ஒரு கையால் இழுக்க வர வேண்டும். ரன்னர்களில் பூட்டுத் துளை இருந்தால் ரயில் பயணத்துக்கு நல்லது. ஆனால் சுருள்பல் ஜிப்பை ஒரு பால்பாயின்ட் பேனா முனையால் பிளக்கலாம் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தோள்வார் பையோடு சேரும் இடம். அங்கே நெருக்கமான குறுக்குத் தையலோ, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்ட தையலோ வேண்டும். ஒற்றை ஓட்டத் தையல் என்றால் வைத்துவிடுங்கள். 7 கிலோவுக்கு இடுப்புப் பெல்ட் அவசியமில்லை, மார்பு நாடா இருந்தால் போதும்.

துணியில் டெனியர் எண்ணைக் காட்டி விற்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே டெனியர். நூலின் பருமனைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 1680 டெனியர் பாலியெஸ்டர் என்றதும் மயங்க வேண்டாம், கனம்தான் கூடும். 420 டெனியர் நல்ல நைலான் இந்த வேலைக்குத் தாராளம். நம் கடலோர ஊர்களில் துணியை விட அதன் உட்பூச்சுதான் சீக்கிரம் போகிறது. பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உதிரும். பையைப் பரணில் மடித்துப் போட்டு வைத்தால் இது சீக்கிரமே நடக்கும். காற்றோட்டமான இடத்தில் மடிக்காமல் தொங்கவிடுங்கள். மழைக்கு அந்தப் பூச்சை நம்பாதீர்கள், தையல் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை போட்டு அதற்குள் க்யூப்களை வையுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் லேப்டாப், டேப், ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் ஐந்து எடுத்துப் போங்கள். பாட்டில்களைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டால் 5 கிலோ சுமை. மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நடங்கள், கீழே வைத்தால் சாய்கிறதா பாருங்கள், ஜிப்பை மூடித் திறங்கள், உள்ளே கைவிட்டுத் தையல் ஓரத்தை நாடா வைத்து மூடியிருக்கிறார்களா என்று தடவுங்கள். இணையத்தில் வாங்கினால் இதையே வீட்டில், விலைச்சீட்டைக் கிழிக்காமல், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் செய்யலாம்.

நாள்பட ஜிப் மூடியும் பின்னால் பிளந்துகொண்டே வந்தால் முழு ஜிப்பை மாற்ற அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் ரன்னர் தேய்ந்து வாய் அகன்றிருக்கும். அதன் இரு ஓரத்தையும் குறடால் மெல்ல, மயிரிழை அளவு அழுத்தினால் பல் பழையபடி பிடிக்கும். அதிகம் அழுத்தினால் ரன்னர் நகராது, உடைந்தும் போகலாம். உடைந்தால் பை தைக்கும் கடையில் ரன்னர் மட்டும் மாற்றித் தருவார்கள். பின்னால் உள்ள எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.