டர்க்காய்ஸ் சுவர், தகரக் கூரை: கேட்டவையும் பதில்களும்

வெளிச்சுவர் வண்ணமும் உலோகக் கூரையும்தான் என் தொழில். டர்க்காய்ஸ் என்கிற நீலப்பச்சை அடித்த, அல்லது அடிக்க ஆசைப்படுகிற, தகரக் கூரை வீடுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பாதிக் கேள்விகளுக்குப் பதில் ஒன்றேதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூரையைப் பார்த்துச் சுவர் நிறத்தை எடுங்கள். நல்ல பூச்சுள்ள கூரை முப்பது வருடத்துக்கு மேலும் கிடக்கும், சுவரோ அதற்குள் பல தடவை பெயின்ட் மாறிவிடும்.

கேள்வி: அக்கா, எங்கள் கூரை பெயின்ட் இல்லாத வெறும் வெள்ளித் தகரம். இதற்கு எந்த டர்க்காய்ஸ் எடுபடும்?

பதில்: உங்களுக்குத்தான் வேலை சுலபம். துத்தநாகம் பூசிய தகரம் புதிதில் பளபளவென்று கண் கூச வைக்கும், போகப்போக மங்கி ஒரு சாம்பல் நிறத்துக்கு வந்து நின்றுவிடும். அந்தச் சாம்பலில் லேசான நீல ஓட்டம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் சாம்பல் கலந்த, நீலப் பக்கம் சாய்ந்த டர்க்காய்ஸ் அதோடு இயல்பாகச் சேரும். கூரை இப்போதுதான் போட்டது என்றால் இன்றைய பளபளப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள், பழைய தகரத் துண்டு ஒன்றை வாங்கி வந்து அதன் பக்கத்தில் நிறத்தை வைத்துப் பாருங்கள். உங்களுடையது கால்வால்யூம் ஷீட் என்றால், அதாவது 55 சதவீதம் அலுமினியமும் மிச்சத்தில் பெரும்பகுதி துத்தநாகமும் சேர்ந்த பூச்சு என்றால், மினுமினுப்பு இன்னும் அதிக காலம் நிற்கும்.

கேள்வி: அட்டையில் இதமாக இருந்த நிறம், முன்சுவரில் ஒரு கோட் அடித்ததும் கண்ணைக் குத்துகிறது. பெயின்டர் சரியாகத்தான் கலந்தேன் என்கிறார். எங்கே பிசகு?

பதில்: பெயின்டர் மேல் குற்றமில்லை. உள்ளங்கை அளவு அட்டையில் அடக்கமாகத் தெரிகிற நிறம் முழுச் சுவரில் தூக்கலாகத்தான் தெரியும், அதிலும் டர்க்காய்ஸ் மாதிரி அடர்த்தியான நிறங்களில் இது ரொம்பவே உறைக்கும். வெளியே வெயில் வெளிச்சம் அதிகம், அதோடு எல் வடிவத்தில் இரண்டு சுவர் சந்திக்கிற மூலையில் ஒரு சுவரின் நிறம் இன்னொன்றில் பட்டுத் திரும்பி, மூலை மட்டும் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். முன்னால் புல்தரையோ பெரிய மரமோ இருந்தால் நீலம் குறைந்து பச்சை தூக்கும்.

இப்போதைக்கு இரண்டாவது கோட்டை நிறுத்துங்கள். கடையில் அதே நிறத்தைப் பாதி டின்ட்டில், அதாவது நிறச்சாயத்தைப் பாதியாக்கி, கலந்து கேளுங்கள், கலந்து தருவார்கள். இரண்டடிக்கு இரண்டடி பலகையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு, வெயில் படுகிற சுவரிலும் நிழல் சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்து வையுங்கள். காலை, உச்சி, சாயங்காலம் மூன்று வேளையும் பாருங்கள். முக்கியமானது, தெருவில் நின்று கூரையும் சேர்ந்து கண்ணில் படுகிற தூரத்திலிருந்து பாருங்கள், ஏனென்றால் வீட்டை எல்லோரும் அங்கிருந்துதான் பார்க்கப் போகிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் கொஞ்சம் சப்பென்று தெரிகிற நிறம்தான் தெருவிலிருந்து சரியான டர்க்காய்ஸாகத் தெரியும்.

கேள்வி: சிவப்புக் கூரை போட்டாகிவிட்டது. சுவருக்கு டர்க்காய்ஸ்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம். ஒத்துப்போகுமா மேடம்?

பதில்: எந்தச் சிவப்பு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வண்ணச் சக்கரத்தில் டர்க்காய்ஸுக்கு நேர் எதிரே நிற்பது செம்மஞ்சள் கலந்த சிவப்பு. எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று தூக்கிவிடும். இரண்டும் முழு வீச்சில் இருந்தால் வீட்டைப் பார்க்கவே கண் வலிக்கும், ஒன்று அடங்கிப் போனால் மற்றது அழகாக எழும். ஈரானின் இஸ்ஃபஹானிலும் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டிலும் இருக்கிற நீலப்பச்சைக் குவிமாடங்களின் படத்தை எடுத்துப் பாருங்கள். குவிமாட ஓடுகள் அவ்வளவு பிரகாசமாகத் தெரிவதற்குக் காரணம், சுற்றியிருக்கும் சுவர்கள் மணல் நிறச் செங்கல்லில் அமைதியாக இருப்பதுதான்.

உங்கள் கூரை பளபளப்பில்லாத செங்கல் சிவப்பு என்றால் தாராளமாகப் போங்கள், சுவருக்கு வெளிறிய டர்க்காய்ஸ், இரண்டுக்கும் நடுவே கூரை விளிம்புப் பட்டையில் கிரீம் நிறம் போதும். நடுவில் அந்தக் கிரீம் கோடு இல்லாமல் விட்டுவிடாதீர்கள். பளீரென்ற சிவப்பு ஷீட் என்றால் என் யோசனை வேறு: சுவர் முழுக்கக் கிரீம், டர்க்காய்ஸை சன்னல், கதவு, தாழ்வாரத் தூண்களில் மட்டும் வையுங்கள். ஆசையும் நிறைவேறும், வீடும் பார்க்க நன்றாக இருக்கும்.

கேள்வி: அடர்சாம்பல் கூரை டர்க்காய்ஸுக்கு எடுப்பாக இருக்கிறது, ஆனால் சூடு தாங்குமா என்று பயம்.

பதில்: எடுப்பு என்று பார்த்தால் அடர்சாம்பலுக்கு இணையே இல்லை, சுவர் நிறம் இன்னும் தெளிந்து தெரியும். சூட்டைப் பற்றிய உங்கள் பயமும் நியாயமானதுதான். அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும் நிறமிகள் சேர்த்த ஷீட்டுகள் வருகின்றன, அடர் நிறத்திலேயே சாதாரண ஷீட்டைவிடக் குறைவாகச் சூடாகும், அதைக் கேட்டு வாங்குங்கள். ஷீட்டுக்கு அடியில் காற்றோடும் இடைவெளியும் இன்சுலேஷனும் வைத்தால் மழைச் சத்தமும் சேர்ந்து குறையும். வருடத்தில் பெரும்பகுதி வெயில் கொளுத்துகிற இடம் என்றால் வெளிர்சாம்பலோ வெள்ளையோதான் நல்லது. அப்போது கூரை கண்ணுக்கு லேசாகிவிடுவதால் சுவரில் டர்க்காய்ஸை ஒரு படி அடர்த்தியாக வைக்கலாம். ஒன்று கவனியுங்கள், பூச்சில்லாத வெறும் உலோகம் வெயிலை நன்றாகத் திருப்பினாலும், வாங்கிய சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. பளபளப்பாக இருக்கிறதே, குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: துத்தநாகத் தகரக் கூரையின் முகட்டில் செம்புப் பட்டை வைத்தால் டர்க்காய்ஸோடு ஜோராக இருக்கும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: நிறப் பொருத்தம் அருமை, மறுக்கவே மாட்டேன். டர்க்காய்ஸ் கல்லுக்கு அந்த நீலம் வருவதே அதிலிருக்கும் செம்பினால்தான். ஆனால் தகரத்துக்கு மேலே செம்பு வேண்டவே வேண்டாம். செம்பின் மேல் ஓடி வரும் மழைநீர் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும், செம்பிருந்து தண்ணீர் வழிகிற பாதையில் கோடு கோடாகத் துரு பிடிக்கும். ஏசியின் செம்புக் குழாயிலிருந்து கூரையில் சொட்டுகிற நீருக்கும் இதே கதைதான், அதைத் திருப்பிவிடுங்கள்.

இன்னொன்று, செம்பு செம்பாகவே இருக்காது. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையை 1886-இல் திறந்தபோது அது செம்பு நிறம், பழுத்துப் பச்சையானதெல்லாம் பிற்பாடுதான். அந்தப் பச்சை உங்கள் டர்க்காய்ஸோடு சேர்ந்தும் சேராமலும் நிற்கும், சுவரிலும் கறை விடும். செம்பு ஆசையை வாசல் விளக்கிலும் கதவுக் கைப்பிடியிலும் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முன்கதவுக்கு என்ன நிறம்?

பதில்: எண்ணெய் தேய்த்த மரம். மரக்கதவு இல்லையென்றால் கடுகு மஞ்சள், அல்லது மங்கலான பவழச் சிவப்பு. கருப்பும் நன்றாக இருக்கும், கூரையும் அடர்நிறமாக இருந்தால் மட்டும்.

கேள்வி: பழைய தகரக் கூரைக்கே டர்க்காய்ஸ் அடித்தால் என்ன? போன முறை அடித்த எனாமல் இரண்டே மழையில் தோல் தோலாக உரிந்து வந்துவிட்டது.

பதில்: எண்ணெய் சேர்ந்த எனாமலைத் துத்தநாகத்தின் மேல் நேரடியாக அடித்தால் அப்படித்தான் ஆகும். எண்ணெய்க்கும் துத்தநாகத்துக்கும் இடையில் வேதிவினை நடந்து, பெயின்ட்டின் அடிப்பக்கம் சோப்பு மாதிரி ஆகிவிடும், பிடிப்பு போய்விடும். தோல் உரிந்த இடத்தைப் பாருங்கள், அடியில் தகரம் சுத்தமாகத் தெரியும், துரு இருக்காது. அதுதான் அடையாளம். பழையதை முழுக்கச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கும் வெள்ளைப் பொடியும் போகக் கழுவி, துரு இருக்கிற இடத்தில் மட்டும் துருத்தடுப்பு பிரைமர் வைத்து, பிறகு துத்தநாகத்துக்கென்றே வருகிற தண்ணீர் கலக்கும் பிரைமர், அதன்மேல் வெளிப்புற அக்ரிலிக் பெயின்ட் என்று போங்கள்.

கூரையில் டர்க்காய்ஸ் வந்துவிட்டால் சுவருக்கு அதைக் கொடுக்காதீர்கள். வெள்ளை, கிரீம், மணல் நிறம் மூன்றில் ஒன்று. மேலும் கீழும் ஒரே நிறம் என்றால் வீட்டின் வடிவமே தெரியாமல் போகும்.

கேள்வி: வெளிர் டர்க்காய்ஸ் சுவரில் மேலிருந்து பழுப்புக் கோடு இறங்குகிறது, கீழே சேறு தெறித்துக் கறை. இதற்கு வழி என்ன?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி, நிறம் தேர்ந்தெடுப்பதில் காட்டுகிற அக்கறையில் பாதியை இதில் காட்டினாலே வீடு பல வருடம் புதிதாக இருக்கும். ஏணி வைத்து ஏறி ஷீட்டின் ஓரத்தைப் பாருங்கள். சுற்றும் பிளேடு வைத்த கிரைண்டரால் அறுத்திருந்தால் வெட்டிய விளிம்பு கருகிச் சொரசொரப்பாக இருக்கும், பக்கத்தில் பூச்சின் மேல் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். அறுக்கும்போது பறந்த தீப்பொறிகள் பூச்சைச் சுட்டுவிட்டு அங்கேயே துருப்பிடிக்கின்றன. தகரத்தைக் கத்தரியாலோ, கொறித்துக் கொறித்து வெட்டும் நிப்ளர் கருவியாலோதான் வெட்ட வேண்டும். துளை போட்டபோது விழுந்த இரும்புச் சுருள்களை அன்றைக்கே பெருக்கித் தள்ளாமல் விட்டாலும் இதே நிலைதான். அப்புறம் திருகாணிகளைத் தொட்டுப் பாருங்கள், தலைக்கு அடியில் இருக்கிற ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் திருகாணியோடு மாற்றுங்கள்.

ஷீட் விளிம்பு சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், விளிம்புக்குக் கீழே மழைநீரைப் பிடித்துக் கொண்டுபோகிற ஓரக்குழாய் இருந்தால் இன்னும் நல்லது. தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடி உயரத்துக்கு அடிச்சுவரில் அடர்சாம்பல் பட்டை ஓட்டிவிடுங்கள். சேறு தெரியாது, கூரை நிறம் கீழேயும் ஒருமுறை வருவதால் வீடு தரையில் ஊன்றி நிற்கிற மாதிரி இருக்கும்.

கேள்வி: டர்க்காய்ஸ் சீக்கிரம் வெளுத்துவிடும் என்கிறார்களே?

பதில்: இப்போதைய நீலப்பச்சைகளில் பெரும்பாலும் இருப்பது தாலோசயனைன் என்கிற செம்பு சேர்ந்த நிறமி. 1930-களில் சந்தைக்கு வந்தது, வெயிலையும் சுண்ணாம்புக் காரத்தையும் நன்றாகத் தாங்கும். பெரும்பாலும் வெளுப்பு என்று நாம் நினைப்பது பெயின்ட்டின் பசை சிதைந்து மேலே படிகிற வெள்ளைப் பொடிதான். சுவரில் விரலைத் தேய்த்துப் பாருங்கள், மாவு ஒட்டினால் அதுதான். நல்ல வெளிப்புற அக்ரிலிக் வாங்கினால் இது தள்ளிப்போகும். புதிதாகப் பூசிய சுவர் என்றால் 28 நாளாவது காயவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடித்த பிறகுதான் நிறம்.

கேள்வி: கடலுக்குப் பக்கத்தில் வீடு. எந்தக் கூரை?

பதில்: அலுமினியம். மழை படாத கூரை அடிப்பக்கங்களில் உப்பு தங்கும், அங்கே மட்டும் அவ்வப்போது நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

கேள்வி: ராத்திரியில் எங்கள் சுவர் அழுக்குப் பச்சையாகத் தெரிகிறது. பகலில் அப்படி இல்லை.

பதில்: மஞ்சள் விளக்கு போட்டிருப்பீர்கள். விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள். 2700 கெல்வின் பல்பில் நீலம் குறைவு, அதனால் சுவரிலிருக்கும் நீலம் அடங்கிப் பச்சை மட்டும் மங்கலாக மிஞ்சும். சுவரில் படுகிற விளக்குகளை மட்டும் 4000 கெல்வினுக்கு மாற்றிப் பாருங்கள், வாசல் விளக்கு மஞ்சளாகவே இருக்கட்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரரும் டர்க்காய்ஸ்தான், அவர் முந்திக்கொண்டார். நான் விட்டுவிட வேண்டியதுதானா அக்கா?

பதில்: விட வேண்டாம் தம்பி. ஏறக்குறைய அதே நிறத்தை மட்டும் எடுக்காதீர்கள், அவருடையதைப் பார்த்து அடிக்கப்போய்த் தப்பிவிட்ட மாதிரி தெரியும். அவருடையது நீலப்பக்கம் என்றால் நீங்கள் நன்றாகவே பச்சைப்பக்கம் போங்கள், அல்லது இரண்டு மூன்று படி வெளிறிய சாயலை எடுங்கள். இரண்டு கூரையும் ஒரே சாம்பலாக அமைந்தால் இரண்டு வீடும் பார்க்க இன்னும் அழகு.