வாசகர் கேள்வி–பதில்: வட்டமேசை இல்லாத ஆர்தர்

கே: ஆர்தர் மன்னனை, பிரிட்டனின் பூர்வகுடிகளான கெல்டுகளின் குறுநிலத் தலைவனாகக் காட்டிய பழைய டி.வி. தொடரைப் பார்த்தோம். மந்திரவாதி மெர்லின் இல்லை, வீரன் லான்சலாட் இல்லை, வீரர்கள் கூடும் வட்டமேசையும் இல்லை. கதையைக் கெடுத்துவிட்டார்களா?
– கல்லூரி நாடகக் குழு மாணவர், மதுரை

ப: கெடுக்கவில்லை, பின்னால் பூசிய சாயத்தைச் சுரண்டியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்தது 'ஆர்தர் ஆஃப் தி பிரிட்டன்ஸ்'. பிரிட்டனின் எச்.டி.வி. தொலைக்காட்சி நிறுவனம் 1972-73ல் தயாரித்தது, அரை மணி நேர அத்தியாயங்கள் 24.

ரோமானியர் ஆட்சி பிரிட்டனை விட்டு விலகியது 410 வாக்கில். கடல் கடந்து வந்த சாக்சன்களோடு நடந்த பேடன் போரைப் பற்றி 6ஆம் நூற்றாண்டில் எழுதிய கில்டாஸ், ஆர்தர் பெயரையே எடுக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டின் 'ஹிஸ்டோரியா பிரிட்டோனம்' என்ற நூல் அவனுக்கு 12 போர்களைக் கணக்குச் சொல்கிறது. ஆனால் அரசன் என்று சொல்லாமல் போர்த்தலைவன் என்கிறது. வட்டமேசை வந்தது 1155ல், வேஸ் என்ற கவிஞரின் கையால். லான்சலாட்டின் காதலும் கேமலாட் என்ற ஊரும் அதற்கும் பிறகு பிரெஞ்சுக்காரரான க்ரெத்தியேன் எழுதியவற்றில் வருபவை.

அதற்காகத் தொடரில் வருவதெல்லாம் வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்தரின் தோழன் 'காய்' கெல்டுகள் எடுத்து வளர்த்த சாக்சன் பிள்ளையாக வருவது தொடர்க்காரர்களின் கற்பனை. ஆர்தரை வளர்த்த லூத்தின் உலோகக் கைக்கு மட்டும் வேர் உண்டு. 'வெள்ளிக் கை லூத்' வேல்ஸ் பழங்கதைகளில் இருக்கிறான்.

கே: நம்மூர் வரலாற்றில் அவனை யாரோடு ஒப்பிடலாம்? பாளையக்காரர்களோடா?
– வாசகி, மேலூர்

ப: பாளையக்காரருக்கு மேலே நாயக்கர் இருந்தார். தொடரின் ஆர்தருக்கு மேலே யாரும் இல்லை. சங்க காலக் குறுநிலத் தலைவர்களான வேளிர்தான் நெருக்கம். உங்கள் ஊரிலிருந்து பிரான்மலை எட்டும் தூரம்தான். வேளிரில் ஒருவனான பாரியின் பறம்பு மலை அதுதான் என்பார்கள். 'முந்நூறு ஊர்த்தே' என்று புறநானூறு சொல்லும் அளவுதான் இந்த ஆர்தரின் உலகமும். ஒரு வித்தியாசம்: பாரியை மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள். ஆர்தரோ ஒட்டாத தலைவர்களைச் சேர்த்துக்கட்ட அலைகிறான்.

கே: இதையே மேடை நாடகமாகப் போடுகிறோம். இரும்பு வளையச் சட்டை வாடகைக்குக் கிடைக்கவில்லை. என்ன செய்வது?
– நாடக ஆர்வலர், திருமங்கலம்

ப: கிடைத்தாலும் வேண்டாம். நிஜச் சட்டை 10 கிலோ அளவுக்கு வரும். சித்திரை வெயிலில் ஒத்திகைக்கே ஆள் சாய்ந்துவிடுவார். சினிமாவிலும் நாடகத்திலும் காலகாலமாக ஓடும் வழி, பின்னல். சணல் சுதலியை 8 அல்லது 10 மி.மீ. ஊசியில் ஸ்வெட்டர் போலத் தளர்வாகப் பின்னுங்கள். முதலில் 20 கண் வைத்து ஒரு துண்டு பின்னி, கீழே கனம் கட்டி ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். எவ்வளவு நீண்டிருக்கிறதோ அந்த விகிதத்தில் சட்டையின் உயரத்தைக் குறைத்துப் பின்னுங்கள். இதை விட்டுவிட்டால் தொடை வரை வர வேண்டியது அரங்கேற்றத்தன்று முழங்காலைத் தாண்டும்.

நிறத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எடுத்ததும் வெள்ளி பெயின்ட் அடித்தால் விளக்கில் அது சாக்லேட் சுற்றிய தாள். முதலில் தண்ணீர் கலந்த கறுப்பு அக்ரிலிக்கில் நனைத்துக் காயவிடுங்கள். பிறகு பிரஷ்ஷில் வெள்ளியைத் தொட்டு, அதைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சமிருப்பதை மேடுகளில் மட்டும் இழுங்கள். பள்ளத்தில் கறுப்பு நிற்க வேண்டும், அதுதான் வளையமாகக் கண்ணுக்குத் தெரியும். விறைப்பு வேண்டுமென்று ஃபெவிகாலில் முக்காதீர்கள், முழங்கை மடங்காது. கத்தி வீசுகிறவர் பாடு திண்டாட்டம்.

இன்னொன்று: தலைவனுக்கும் அவனுடைய ஓரிரு ஆட்களுக்கும் மட்டும் இந்தச் சட்டை போதும். மற்றவர்களுக்கு முரட்டுத் துணிச் சட்டையும் வலது தோளில் ஊசி குத்திய போர்வையுமே பொருத்தம்.

கே: முதல் அத்தியாயத்தில் வாள் கல்லுக்கு அடியில் கிடக்கிறதே, அந்தக் கல்லை மேடையில் எப்படிச் செய்வது?
– அதே குழுவினர், மதுரை

ப: வாளைக் கல்லிலிருந்து உருவும் கதையை அங்கே மாற்றியிருக்கிறார்கள். தனியாக யாராலும் அசைக்க முடியாத கல்லை எல்லாத் தலைவர்களும் சேர்ந்து புரட்டினால்தான் வாள் கிடைக்கும். நாடகத்தின் உயிரே அந்தக் கல்தான், மலிவாக முடித்துவிடாதீர்கள்.

மூங்கில் தப்பையில் கூடு கட்டி, செய்தித்தாளை மைதாப் பசையில் தோய்த்து ஆறேழு அடுக்கு ஒட்டுங்கள். ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. அது விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தெர்மாகோலில் செய்வதானால் ஸ்ப்ரே பெயின்ட் நேரடியாகப் படக் கூடாது, கரைந்து குழி விழும். மேலே இரண்டு அடுக்குத் தாள் ஒட்டி, டிஸ்டெம்பர் அடியுங்கள்.

கூட்டின் அடியில் இரண்டு மணல் மூட்டையைக் கட்டாயம் கட்டுங்கள். வெறுங்கூடாக இருந்தால் ஒருவர் இடித்தாலே கல் நகர்ந்து, கொட்டகை சிரித்துவிடும்.